மெழுகு முகத்துக்குக் குணமான வரலாறு

பல்கலைக்கழகத்தின் பழைய மருத்துவக் கருவிகள் சேகரத்தில் இருந்த ஒரு பெண்ணின் மெழுகு முகத்துக்கு, அதைச் செய்து ஏறக்குறைய நாற்பது வருடங்கள் ஆன பிறகு, மழைக்காலம் முடிந்த கையோடு குணமாகத் தொடங்கியது. முதலில் இடது கன்னத்துப் புண்ணின் ஓரம் காய்ந்தது. பிறகு பொருக்குக் கட்டி உதிர்ந்தது. உதிர்ந்தது அலமாரித் தட்டில் மெழுகுத் துருவலாகக் கிடந்தது. உதிர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. அதே வாரத்தில் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் ஒழுக ஆரம்பித்ததால் நிர்வாகத்தின் கவனமெல்லாம் தொட்டியின் மேல் இருந்தது.

சேகரம் மேல்மாடியில் இருந்தது. கால் வெட்டும் ரம்பங்கள், பல் பிடுங்கும் குறடுகள், கெட்ட ரத்தம் என்று சொல்லி நல்ல ரத்தத்தை உறிஞ்சிய கண்ணாடிக் குவளைகள், வராத பிள்ளையைத் தலையைப் பிடித்து இழுத்த இடுக்கிகள் எல்லாம் வரிசையாக, துடைத்து, விளக்க அட்டை வைத்து அடுக்கப்பட்டிருந்தன. பார்த்தால் ஒரு நல்ல சமையலறை போலத்தான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் காப்பாளராக இருந்தவருக்கு ஊரில் பூட்டு என்று பெயர். வீட்டில் சாப்பிட வரச் சொன்னால்கூட இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று கேலி செய்வார்கள். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: உள்ளே வந்த பொருள் வந்தபடியே இருக்க வேண்டும். அந்த வருடம் மழையில் கூரை ஒழுகியபோது, அறைக் கோடியில் இருந்த பழைய வைத்திய விளக்கை, பித்தளைக் குழாய்கள் நாலு பக்கமும் தொங்கும் அந்தப் பெரிய விளக்கை, நனையாமல் இருக்கட்டும் என்று மெழுகு முகத்தின் இடதுபக்கமாக நகர்த்தி வைத்தார். விளக்குக்கு மின்சாரம் கிடையாது, வயரே கிடையாது. ஆனாலும் முகம் அந்தப் பக்கமிருந்துதான் குணமாகிக்கொண்டு வந்தது.

அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஊரில் வயதானவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த விளக்கு அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய பாக்கி. அவளுக்கு வந்தது தோலில் வரும் காசநோய். கன்னத்தில் பொட்டளவு சிவப்பாக ஆரம்பித்து, மெல்ல மூக்கைத் தின்ன வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இந்த விளக்குதான். இதன் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் புண் ஆறும். அவளும் கைக்குழந்தையைத் தங்கையிடம் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, விளக்குக்காக வந்து வரிசையில் நின்றாள். அப்போதைய பேராசிரியருக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு சுத்தமான நோயைப் பார்த்ததே இல்லை, மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும், அச்செடுத்த பிறகு வைத்தியம் ஆரம்பிக்கலாம் என்றார். அவள் தலையாட்டினாள். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினாள். வாயில் மூச்சுக்கு ஒரு குழலைச் செருகி முகம் முழுக்க பிளாஸ்டர் அப்பினார்கள். அசையாதே என்றார்கள், அசையவில்லை.

அச்சு ஒரே காலையில் முடிந்தது. வண்ணம் தீட்டுவதுதான் முடியவில்லை. மெழுகுக் கலைஞர் பெரிய நேர்த்திக்காரர். உயிருள்ள முகத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, புண்ணுக்குப் புண், நிறத்துக்கு நிறம் ஒத்துப்போகும்வரை விடமாட்டார். அதுவரை முகம் மாறக்கூடாது என்பதால் விளக்கு வைத்தியம் கூடாது. நோய்க்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. அவர் ஒரு பக்கம் தீட்டி முடிப்பதற்குள் அது இன்னொரு பக்கம் விரற்கடை நகர்ந்திருக்கும். அவர் உச்சுக்கொட்டிக்கொண்டு, நோய் தின்ற இடத்தை மெழுகிலும் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். இப்படியே ஒரு வருடம் அவர் நோயின் பின்னாலேயே ஓடினார். கடைசியில் ஒருநாள் மெழுகும் தோலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பேராசிரியர் வந்து பார்த்து, கைகொடுத்துப் பாராட்டினார், கலைஞருக்கு. அவளைப் பார்த்து, இனி விளக்குக்கு வேலை இல்லை, நோய் எலும்பு வரை போய்விட்டது என்றார். நல்ல மாத்திரை வந்து ஊரெல்லாம் புழங்க ஆரம்பித்தது அவள் செத்த பிறகு.

அவள் செத்தபோது மகளுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா என்ற மனிதர், நோய் மூக்கைத் தொட்ட மாதமே வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று போனவர்தான். அம்மா கண்ணுக்குக் கீழே எப்போதும் துணி கட்டியிருப்பாள். சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். குளித்துவிட்டு வரும்போதே கட்டிக்கொண்டுதான் வருவாள். ஆகவே மகளுக்கு அம்மா என்றால் இரண்டு கண்கள், ஒரு துணி, துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பெரியவளாகி, மருத்துவக் கல்லூரிக்கு எதிர்த் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து, நாள் முழுக்க அடுத்தவர் மூக்கைப் பிடித்து ஃப்ரேம் உட்கார வைத்துப் பிழைத்தாள். மூக்கில்லாத அம்மாவுக்குப் பிறந்து மூக்கை நம்பிப் பிழைக்கிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

அம்மாவின் முகம் எதிர்க் கட்டடத்திலேயே இருக்கிறது என்று சின்னம்மா அவளிடம் சொன்னது ஒரு சண்டையில். “எப்பப் பார்த்தாலும் அம்மா முகத்தைப் பார்க்கலை, அம்மா முகத்தைப் பார்க்கலைன்னு என் உயிரை எடுக்காதடி. அதோ இருக்கு, காலேஜ் மாடியில, கண்ணாடிப் பொட்டிக்குள்ள. போய்ப் பாரு, பார்த்துட்டு ராத்திரி தூங்க முடிஞ்சா வந்து சொல்லு.” அவள் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போனாள். அட்டையில் நோயின் பெயர் இருந்தது, கீழே பெண் என்று இருந்தது. முகம் இருந்தது, அதாவது நோய் தின்றது போக மிச்சம் இருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் கண்கள்தான், அச்செடுத்தபோது மூடிய அந்தக் கண்கள் மெழுகிலும் மூடியே இருந்தன. தெரிந்தது மூடியிருந்தது, தெரியாததை நோய் தின்றிருந்தது. அன்று அவள் பூட்டு கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கல்லூரி மூடும்வரை அழுதாள்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு வேளையில் கடையைச் சாத்திவிட்டு மாடிக்குப் போவது அவளுக்கு வழக்கமாயிற்று. ஆகவே குணமாவதை முதலில் பார்த்ததும் அவள்தான். முதல் பொருக்கு உதிர்ந்தபோது கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, கடைக்குப் போய்ப் பவர் சோதிக்கும் பலகைக்கு முன்னால் நின்று தன் கண்ணையே சோதித்துக்கொண்டாள். கண் நன்றாக இருந்தது. கன்னம் ஆறியது. மறு வருடம் மேலுதடு வளர்ந்து, தெரிந்துகொண்டிருந்த பல்லை மூடியது. அதற்கு அடுத்த வருடம் மூக்கின் தண்டு மேலிருந்து கீழாக விழுது போல இறங்க ஆரம்பித்தது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. முழு முகத்தையும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பூட்டுக்கும் எல்லாம் தெரியும். தினமும் துருவலைத் துடைக்கிறவர் அவர்தானே. உள்ளே வந்த பொருள் வந்தபடி இருக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதர், அந்த அலமாரி வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு துடைத்தார். “தூசி ஜாஸ்தி ஆயிடுச்சும்மா, அதான்” என்பார். “ஆமா சார், ரொம்பத் தூசி” என்பாள் அவள்.

மற்றவர்களுக்குத் தெரியாமல் போனது அவர்கள் படிக்கும் விதத்தால்தான். அந்தக் கல்லூரியில் மெழுகு மாதிரிகளை வைத்து ஒரு தேர்வு உண்டு. மணி அடிக்கும், மாணவர் ஒரு முகத்தின் முன் நிற்பார், நோயின் பெயரை எழுதுவார், மறுபடி மணி அடிக்கும், அடுத்த முகத்துக்கு நகருவார். தலைமுறை தலைமுறையாக அவர்கள் முகங்களை மனப்பாடம் செய்யவில்லை, இடங்களை மனப்பாடம் செய்தார்கள். ஜன்னலோரம் இரண்டாவது தட்டு என்றால் தோல் காசநோய். முகத்தை எதற்கு நிமிர்ந்து பார்க்க வேண்டும்? ஒரு வருடம் மாணவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தாள். பார்த்ததை எழுதினாள்: ஆரோக்கியமான பெண், கன்னத்தில் ஆறிய தழும்பு, மூக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. அவளுக்குச் சுழியம் போட்டார்கள். தோல்வியடைந்து அடுத்த வருடம் வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு தோல் காசநோய் என்று எழுதித் தேறினாள். இப்போது பெரிய டாக்டராக இருக்கிறாள், நோயாளியை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று புகார்.

விஷயம் வெளியே வந்தது வெளியூரிலிருந்து வந்த பரீட்சகரால். அவர் வண்டியிலிருந்து இறங்கும்போதே தன் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தார். எதிர்த் தெருவில் கடை இருக்கிறது என்று யாரோ காட்ட, அவளிடமே வந்தார். சோதித்துப் பார்த்தால், பாவம் மனிதர் பல வருடமாகத் தப்பான பவரில் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தொழிலில் குறை வைக்காதவள். சரியான பவரில், மூக்கில் அழுந்தாமல், அன்றைக்கே செய்துகொடுத்தாள். மறுநாள் காலை அவர் அந்தக் கண்ணாடியோடு மாடியேறி, ஜன்னலோர அலமாரிக்கு முன் நின்று, “என்னய்யா இது, இந்தம்மாவுக்கு நோயே இல்லையே!” என்று கத்தினார். கத்தியது தெருவரை கேட்டது. கடையில் ஃப்ரேம் திருகிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து திருப்புளி நழுவியது.

அப்புறம் என்ன, குழு கூடியது. தோல் துறைத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது, வேலையில் கறாரானவர். முகம் குணமானது எப்படி என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாடம் கெட்டது யாரால் என்று கேட்டார்கள். பூட்டைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள். விளக்கைத் தூக்கி நிலவறையில் போட்டார்கள். அதற்குள் விளக்கு தன் வேலையைச் செய்துவிட்டது போலிருக்கிறது, மூக்கு நிற்காமல் வளர்ந்தது. ஓவியர் ஒருவரை வரவழைத்துப் புண்களை மறுபடி தீட்டச் சொன்னார்கள். சாயங்காலம் தீட்டிய புண் காலையில் பொருக்காகி உதிர்ந்து கிடந்தது. மூன்றாம் முறை ஓவியர், உயிரோடு இருக்கிறவர்களுக்கு நோய் வர வைக்கிற வேலைக்கு நான் ஆளில்லை என்று தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் முடிவெடுத்தார்கள். கல்லூரியை ஆய்வு செய்ய மேலிடத்துக் குழு வரப்போகிறது, அதற்கு முன்னால் இந்த முகத்தை உருக்கிவிட்டு, அந்த மெழுகில் வேறொரு நோயைச் செய்துகொள்ளலாம் என்று.

அவள் கடையைச் சாத்திவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள். அது அம்மாவின் முகம் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். உருக்கப்போறதை எனக்குக் கொடுத்துடுங்க மேடம், உங்களுக்குத்தான் வேண்டாமே என்று கேட்டாள். மேடம் உண்மையிலேயே வருத்தப்பட்டார், அவளுக்குத் தண்ணீர் வரவழைத்தார். ஆனால் பல்கலைக்கழகத்தின் பொருளை அழிக்க விதி இருக்கிறது, தனியாருக்குக் கொடுக்க விதி இல்லை. அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள், மூக்கு நுனி மட்டும்தான் பாக்கி, முடிந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். ஆய்வுத் தேதியை நான் தள்ளிப்போட முடியுமா என்று மேடம் கேட்டார். அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: “இங்க பாருங்கம்மா, எனக்கு மட்டும் உருக்கணும்னு ஆசையா? நோய் இருந்தவரைக்கும் அந்த முகத்தை எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தோம்! எறும்பு ஏற விட்டிருப்பமா? நோய் திரும்ப வந்துட்டா நாளைக்கே நல்ல பொட்டியா பண்ணி, என்னைக்கும் இங்கயே வெச்சுக்கறேன். நோயில்லாத முகத்துக்கு ஆஸ்பத்திரியில என்னம்மா வேலை?”

அவள் படியேறி மாடிக்குப் போனாள். பூட்டு சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வராந்தாவில் போய் நின்றுகொண்டார். அவர் சாவியைப் பிறர் கையில் கொடுத்தது அது ஒரு தடவைதான். முகத்தில் இப்போது மூக்கு நுனியும் ஒரு பக்கத்து நாசியும் மட்டுமே பாக்கி இருந்தன, அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டால் முகம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம் போலத் தோன்றும், ஆனால் ஊகிக்க முடியாது. மூக்கு நுனிதான் முகத்தை முடிவு செய்கிறது என்பது அவள் தொழிலில் பாலபாடம். இன்னும் பத்து நாள் போனால் போதும், அந்தப் பத்து நாள் இல்லை. அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து, அம்மாவின் காதருகே வாயை வைத்தாள்.

“அம்மா, நான்தாம்மா. நல்லாயிட்டு வர்றே, எனக்குத் தெரியுது, எவ்வளவு அழகா இருக்கே. ஆனா நல்லாயிட்டா உன்னை உருக்கிடுவாங்கம்மா. உருக்கி வேற யாரோட புண்ணையோ பண்ணிடுவாங்க. வேணாம்மா. அந்த நோய் திரும்ப வந்துடட்டும். எனக்காக. பழையபடியே இருந்துடு.”

சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு, கடையைத் திறந்து, அன்று மாலை வந்த எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டாள். மறுநாள் கன்னம் சிவந்தது. ஒரு வாரத்தில் உதடு பின்வாங்கிப் பல் தெரிந்தது. ஆய்வுக் குழு வருவதற்கு முன்னாலேயே மூக்கு போய்விட்டது. யாரும் தூரிகையால் தொடவில்லை, ஆனாலும் பழைய கலைஞர் ஒரு வருடம் ஓடி ஓடித் தீட்டியதைவிட உயிரோட்டமாக இருந்தது. ஆய்வுக் குழுத் தலைவர் அபாரம் என்றார். மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பின்பக்கம் வெல்வெட் ஒட்டி, உள்ளே விளக்குப் போட்டு, புதுப் பெட்டி செய்துகொடுத்தார். இந்த ஊர் சரித்திரத்தில் அந்த மெழுகு முகத்துப் பெண்ணின் விஷயத்தில் யாராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அதுவே முதல் தடவை.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோடை விடுமுறை வந்தது, கட்டடத்தைச் சாத்தி முத்திரை வைத்தார்கள், சாவிகள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயின. நடுவில் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகவும், பதிவாளரின் ஆட்களோடு பூட்டை மட்டும் ஒரு நிமிடம் உள்ளே அனுப்பினார்கள். அவர் பார்த்தார். பெட்டிக்குள் முகம் முழுசாக இருந்தது. கன்னம், உதடு, மூக்கு, நுனி, எல்லாம். கல்லூரி திறந்த அன்று காலை போய்ப் பார்த்தால் மறுபடி நோய். அடுத்த விடுமுறையில் தொட்டி ஒழுகி உள்ளே போனபோதும் அப்படியே. பாடம் நடக்கும் காலத்தில் நோயாளியாக இருப்பதும், ஆளில்லாத காலத்தில் குணமாகிக்கொள்வதும் என்று அது தனக்கொரு ஏற்பாடு செய்துகொண்டுவிட்டது. சொன்ன வேலைக்குக் குந்தகம் இல்லாததால் துறையிலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. விடுமுறையில் அவளை ஒரு தடவை உள்ளே விடச் சொல்லிப் பூட்டு பதிவாளரின் வாசலில் எத்தனையோ நாள் நின்று பார்த்தார். முத்திரை வைத்தால் வைத்ததுதான் என்றார்கள்.

அவள் பூட்டிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்: “எப்படி சார் இருந்தாங்க?” ஆயிரம் கருவிகளை அளவு, எடை, உலோகம் என்று விவரித்த மனிதர், “நல்லா இருந்தாங்கம்மா” என்றார். “என் ஜாடை இருந்துச்சா?” அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் அந்த மாதிரி ஆள் இல்லை. “இல்லம்மா” என்றார், “உங்க ஜாடை இல்லை.” அவள் சிரித்தாள். அன்றிலிருந்து தன் கடை நிலைக்கண்ணாடியில் அம்மாவைத் தேடுவதையும் விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தலை நரைத்தது, பூட்டு ஓய்வுபெற்றார், மேடம் வேறு ஊருக்குப் போனார். இப்போது அந்த ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. கோடையில் குழாயில் தண்ணீர் குறையும், கல்லூரி மூடும், மெழுகு முகத்துக்குக் குணமாகும். வருடாவருடம் கல்லூரி திறக்கும் நாளில், கதவைத் திறந்ததும் முதல் ஆளாக அவள் மாடியேறிப் போகிறாள், ஒரு நிமிடம் முந்திவிட்டால்கூடப் போதும் என்று. முந்த முடிவதில்லை. அவள் போவதற்குள் அம்மா தயாராகிவிடுகிறாள். சென்ற வருடம் மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பெட்டிக்கு முன் நின்றவள், மூக்கு இருந்த இடத்தில் கடைசி ஈரம் உலர்வதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். “யார் என்ன சொன்னாலும் கேட்டே. அசையாதேன்னான், அசையலை. இருன்னான், இருந்தே. நான் சொன்னேனே, அதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேக்காம இருந்திருக்கக் கூடாதாம்மா?”

மணி அடித்தது. புது மாணவர்கள் சலசலவென்று உள்ளே வந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கு மறைக்காமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.